முதல் வாரம் லாப்லாஸ் வேண்டாம்

வாசகர் கேள்விகள் – இந்த இதழில் பிராசஸ் கண்ட்ரோல் (ஆலையில் வெப்பநிலை, மட்டம் போன்றவற்றைக் கட்டுக்குள் வைக்கும் பாடம்)

கேள்வி: கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டுக்கு பிராசஸ் கண்ட்ரோல் எடுக்கிறேன். லாப்லாஸ் உருமாற்றம் என்ற கணித முறை முடிவதற்குள் பாதி செமஸ்டர் போய்விடுகிறது. மாணவர்கள் கணக்கெல்லாம் போட்டுவிடுகிறார்கள். சென்சாரைப் பார்த்து வால்வை இயக்கும் கண்ட்ரோலர் என்ன செய்கிறது என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– உதவிப் பேராசிரியை, விருதுநகர்

பதில்: லாப்லாஸ் தேவைதான், ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம். முதல் வாரம் லேபுக்குக் கூட்டிப் போங்கள். நீராவியால் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருந்தால் போதும். கண்ட்ரோலரை மேனுவலில் (தானாக இயங்காமல் கையால் இயக்கும் நிலையில்) போட்டு, நீராவி வால்வை 40 சதவீதத்திலிருந்து 45-க்குத் திறக்கச் சொல்லுங்கள். ஐந்து விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் கிராஃப் தாளில் புள்ளி வைக்கட்டும்.

கொஞ்ச நேரம் கோடு அசையாது. “மேடம், வேலை செய்யலை” என்று ஒரு குரல் வரும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. சென்சார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 6 மீட்டர் தள்ளி இருந்து, தண்ணீர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால், சூடான தண்ணீர் சென்சாரைத் தொடவே 12 விநாடி ஆகும். டெட் டைம் என்பது இதுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ட்ரோலரானாலும் அந்த 12 விநாடிக்கு அதற்குச் சேதி போய்ச் சேராது. அவசரப்பட்டு வால்வை மேலும் திறந்தால், பின்னால் சூடு எகிறும்.

அப்புறம் கோடு ஏறி நிற்கும். மொத்த ஏற்றத்தில் 63 சதவீதத்தை எட்ட, ஏறத் தொடங்கியதிலிருந்து எத்தனை விநாடி? அது டைம் கான்ஸ்டன்ட். மொத்த ஏற்றத்தை, வால்வைக் கூடுதலாகத் திறந்த 5 சதவீதத்தால் வகுத்தால் கெயின். இந்த மூன்று எண்களும் தங்கள் கையால் வந்த பிறகு வால்வுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவைச் சொல்லும் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை எழுதிக் காட்டுங்கள். எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

டியூனிங்குக்கு, அதாவது கண்ட்ரோலரின் எண்களைப் பொருத்தமாக அமைக்க, 1942-இல் சீக்லரும் நிக்கல்ஸும் தந்த முறையைக் கட்டாயம் நடத்துங்கள். ஆனால் அந்த எண்கள் லூப்பை (சென்சார், கண்ட்ரோலர், வால்வு சேர்ந்த சுற்றை) சற்று முரட்டுத்தனமாகவே ஓட்டும் என்பதையும் சொல்லுங்கள். முரட்டுத்தனம் எங்கே ஆகாது என்பதற்கு, ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் சர்ஜ் டேங்க் ஒன்றை உதாரணம் காட்டலாம். அங்கே மட்டம் ஏறி இறங்கட்டும் என்றுதான் டேங்கையே வைத்திருக்கிறோம். மட்டத்தை ஒரே கோட்டில் பிடித்து நிறுத்தினால், வரும் ஓட்டத்தின் ஆட்டமெல்லாம் அப்படியே அடுத்த யூனிட்டுக்குப் போய்விடும்.

கேள்வி: இதெல்லாம் இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர்கள் வேலைதானே? கெமிக்கல் படிக்கும் எங்களுக்கு எதற்கு?
– மூன்றாம் ஆண்டு மாணவர், திருச்சி

பதில்: தம்பி, ஒன்று கேட்கிறேன். வெப்பத்தை வெளிவிடும் ரியாக்டர். திடீரென்று, வால்வுகளை இயக்கும் காற்றான இன்ஸ்ட்ருமென்ட் ஏர் நின்றுவிட்டது. கூலிங் வாட்டர் வால்வு தானாகத் திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா? திறக்க வேண்டும். நீராவி வால்வு? மூட வேண்டும். இதை முடிவு செய்ய உள்ளே நடக்கும் ரியாக்‌ஷன் தெரிய வேண்டும். அது உங்கள் படிப்பு.

2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. ஸ்டார்ட்-அப் நேரத்தில் ஒரு டிஸ்டிலேஷன் கோபுரத்துக்குள் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் திரவம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே எதுவும் வரவில்லை. மட்டத்தை அளக்கும் லெவல் டிரான்ஸ்மிட்டர் சுமார் 8 அடி என்று காட்டியது, அதுவும் மெல்ல இறங்குவதுபோல். உண்மையில் திரவம் 158 அடிக்கு ஏறியிருந்தது. டிரான்ஸ்மிட்டர் முழுக்க மூழ்கிவிட்டதால், திரவம் சூடாகி அடர்த்தி குறையக் குறைய ரீடிங்கும் குறைந்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

அன்றைக்கு ஆலையில் கோளாறுகள் பல இருந்தன. ஆனால் உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்ற கணக்கு, நீங்கள் இரண்டாம் ஆண்டில் போட்ட மாஸ் பேலன்ஸ், ரீடிங் பொய் என்று சொல்லியிருக்கும். மீட்டரைச் சந்தேகிக்கத் தெரிந்தவர் கண்ட்ரோல் ரூமில் இருக்க வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: வீட்டிலிருந்தே பழக வழி உண்டா?
– வாசகி, கடலூர்

பதில்: உண்டு. சைலேப் என்ற கணிப்பு மென்பொருள் இலவசம்; அதில் ஒரு லூப்பை அமைத்து ஓட்டலாம். முதல் பயிற்சியாக, வால்வு 100 சதவீதம் திறந்தும் எட்ட முடியாத செட்பாயின்டை (இலக்கு அளவை) கொடுத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் அதை இறக்குங்கள். வால்வு உடனே மூடாது. கண்ட்ரோலரின் இன்டெக்ரல் பகுதி, இலக்குக்கும் உண்மை அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பதைத் திரையில் பார்த்துவிட்டு அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.