வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: இதயச் செயலிழப்பும் மாத்திரைகளும்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்தது. இப்போது பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கால்களில் வீக்கமும் இருக்கிறது. எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, பம்பிங் 30 சதவீதம்தான் என்றார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனால் சர்க்கரைக்குக் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் எழுதியிருக்கிறார்கள். இரத்த அழுத்தம் 110/70 தான். இருந்தும் மற்ற மூன்றும் பிரஷர் மாத்திரைகள் என்று மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். இதயத்துக்குத் தெம்பு தரும் மருந்து ஒன்றுகூடச் சீட்டில் இல்லை. இது சரியான சிகிச்சைதானா?
– வாசகி, சேலம்

பதில்: சரியான சிகிச்சைதான். உங்கள் அப்பாவுக்கு இருப்பது இதயச் செயலிழப்பு; இதயம் நின்றுவிடுவது அன்று, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை வெளியேற்ற முடியாமல் போவது. பம்பிங் 30 சதவீதம் என்றால், இதய அறையில் நிறையும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் 30 சதவீதமே வெளியேறுகிறது என்று பொருள். நீங்கள் கேட்கும் தெம்பு மருந்திலிருந்தே தொடங்குகிறேன். ஏனெனில் மருத்துவ உலகமும் பல ஆண்டுகள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. சுருங்கும் வலு குறைந்த இதயத்தை மருந்தால் வலுவாகச் சுருங்கவைத்தால் நோயாளி நெடுநாள் வாழ்வார் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. அவ்வாறு வேலை செய்யும் மில்ரினோன் என்ற மருந்தை, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேரிடம் மாத்திரை வடிவில் சோதித்து, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட மில்ரினோன் பெற்றவர்களிடையே இறப்பு 28 சதவீதம் அதிகமாக இருந்தது.

காரணம் உடலின் தற்காப்பில் இருக்கிறது. இதயம் வெளியேற்றும் இரத்தம் குறையும்போது, எங்கோ இரத்தக் கசிவு ஏற்பட்டுவிட்டதாகவே உடல் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் வகைச் சுரப்புகள் இதயத்தை விரட்டுகின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. விபத்தில் அடிபட்டவரைச் சில மணி நேரம் காப்பாற்ற இது உதவும். மாதக்கணக்கில் நீடித்தாலோ இதயத் தசையே சிதைந்து, அறைகள் விரிந்து, நோய் முற்றிவிடும். களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுவதைத்தான் மில்ரினோன் செய்தது.

இதற்கு நேர்மாறான வழியை ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1975-இலேயே முயன்று பார்த்திருந்தார்கள். இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று பாடநூல்கள் எச்சரித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் அதை ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து, முன்னேற்றம் தெரிந்ததாக எழுதினார்கள். ஏழு பேரை வைத்து ஒரு மருத்துவ விதியை மாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் பெரிய ஆய்வுகள் நடந்து முடிவு தெரிய 1999 வரை ஆனது சற்று நீண்ட காத்திருப்பு என்றே சொல்வேன். அந்த ஆண்டு வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று பிசோப்ரோலோலையும் மற்றொன்று மெட்டோப்ரோலோலையும் சோதித்து, இரண்டிலுமே இறப்பு 34 சதவீதம் குறைந்ததாகக் காட்டின. 1987-இல் எனலாபிரில், 1999-இல் ஸ்பைரோனோலாக்டோன், 2014-இல் சாகுபிட்ரில்–வால்சார்ட்டான் கூட்டு மருந்து என்று மற்றவையும் ஒவ்வொன்றாக நிலைபெற்றன. இவற்றில் பல இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படுபவை என்பதால் கடைக்காரர் அவ்வாறு சொல்லியிருக்கிறார். உங்கள் தந்தைக்கு இவை தரப்படுவது அழுத்தத்தைக் குறைப்பதற்காக அன்று. மேலே சொன்ன தற்காப்பு விரட்டலைத் தணிப்பதற்காக. தலைச்சுற்றலோ மயக்கமோ இல்லாதவரை 110 என்ற அளவு இவற்றுக்குத் தடையாகாது.

டாபாகிளிஃப்ளோசின் இந்தப் பட்டியலுக்குள் வந்தது எதிர்பாராத கதை. ஒரு சர்க்கரை மருந்தினால் மாரடைப்பு கூடுகிறதோ என்ற ஐயம் 2007-இல் எழுந்ததால், புதிய சர்க்கரை மருந்துகள் இதயத்துக்குக் கேடு செய்வதில்லை என்பதை நிறுவ வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. கேடு இல்லை என்று காட்டுவதற்காக நடத்திய ஆய்வில், எம்பாகிளிஃப்ளோசின் எடுத்த சர்க்கரை நோயாளிகள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்திருந்தது 2015-இல் தெரியவந்தது. அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினை, பம்பிங் குறைந்த 4,744 பேரிடம் சோதித்த ஆய்வு 2019-இல் வெளியானது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது; பலனோ இரு தரப்பினருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே அது உங்கள் தந்தைக்கு இதய மருந்து. இந்தியாவில் அதன் காப்புரிமை 2020-இல் முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் இறங்கிவிட்டது. பிறப்புறுப்பில் அரிப்பு ஏற்பட்டால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்; கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாட்களில் அதைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை செல்லும்போது, மாத்திரைகளின் அளவை எப்போது கூட்டுவீர்கள் என்று நீங்களாகவே கேட்பது நல்லது. குறைந்த அளவில் தொடங்கிய மருந்து அதே அளவில் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரண்டே வாரங்களில், அடிக்கடி பரிசோதித்தபடி முழு அளவுக்குக் கொண்டுசென்றவர்களில் 15.2 சதவீதத்தினரும், வழக்கமான வேகத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 23.3 சதவீதத்தினரும் 180 நாட்களுக்குள் இறந்தார்கள் அல்லது இதயச் செயலிழப்புக்காக மீண்டும் சேர்க்கப்பட்டார்கள் என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னொன்று: மூட்டு வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை அவராக வாங்கிப் போட வேண்டாம், அவை உப்பையும் நீரையும் தேக்கி, பெற்ற பலனைக் கெடுத்துவிடும்.

கேள்வி: இரத்தக் குழாயில் அடைப்பு எதுவும் இல்லை, இதயத் தசைதான் பலவீனம் என்றார்கள். அப்போது பம்பிங் 28 சதவீதம். ஒன்றரை வருட மாத்திரைக்குப் பின் இப்போது 55. எந்தத் தொந்தரவும் இல்லை. இனி மாத்திரைகளை நிறுத்தலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிறுத்த வேண்டாம். உங்களைப் போலவே தசை பலவீனத்திலிருந்து மீண்டு, தொந்தரவின்றி இருந்த 51 பேரை வைத்து லண்டனில் இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாக மருந்தை நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறே மாதங்களில் நோய் திரும்பியது. தொடர்ந்து எடுத்துவந்த 26 பேரில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. உங்கள் இதயம் நோயிலிருந்து விடுபட்டுவிடவில்லை, மருந்தின் துணையோடு நன்றாக இயங்குகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வீக்கத்துக்காகக் கொடுத்த நீர் மாத்திரையை மட்டும் மருத்துவர் குறைக்கக்கூடும்.

கேள்வி: எனக்கு 41 வயது. இரத்த அழுத்தம் 150/96. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. என் அம்மா இதயச் செயலிழப்பால் இறந்தார். எனக்கும் வருமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அம்மாவுக்கு வந்ததைவிட அந்த 150/96 தான் எனக்குக் கவலை தருகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் மக்களைப் பின்தொடர்ந்துவரும் ஆய்வின்படி, இதயச் செயலிழப்புக்கு ஆளானவர்களில் 91 சதவீதத்தினருக்கு அதற்கு முன்பே உயர் இரத்த அழுத்தம் இருந்தது. மாரடைப்பு, சர்க்கரை நோய், உடற்பருமன், புகை, மிதமிஞ்சிய மது, வால்வுக் கோளாறு ஆகியவை மற்ற முக்கியக் காரணங்கள். சர்க்கரை நோய் இல்லாத 9,361 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில், 140-ஐ இலக்காக வைத்த பிரிவைவிட இதயச் செயலிழப்பு 38 சதவீதம் குறைவாக இருந்தது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 2013-இல் இதயச் செயலிழப்புடன் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களின் சராசரி வயது 61 தான்; மேலைநாட்டு நோயாளிகளைவிடச் சுமார் பத்து ஆண்டுகள் இளையவர்கள். 72 சதவீதத்தினருக்குக் காரணம் இதயத் தமனி அடைப்பு. பம்பிங் குறைந்தவர்களில் கால் பங்கினர் மட்டுமே, அப்போது உரிய சிகிச்சையாக இருந்த மூன்று வகை மருந்துகளுடனும் வீடு திரும்பினார்கள். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் உயிருடன் இல்லை. தொந்தரவு வரும்வரை காத்திராமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இதயச் செயலிழப்புக்கு மருந்து எடுக்கும் என் கணவருக்குச் சாதாரண உப்புக்குப் பதில் இந்துப்பு போடலாமா? கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு நல்லதா?
– வாசகி, மதுரை

பதில்: இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், மாற்றுவதால் ஆதாயம் இல்லை. சோடியம் குறைந்த உப்பில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். ஸ்பைரோனோலாக்டோன், சாகுபிட்ரில்–வால்சார்ட்டான் போன்றவை ஏற்கெனவே உடலில் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் இளநீர் குடிப்பதையும் இதே காரணத்துக்காக மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

அதற்காக உப்பே இல்லாத சோற்றை அவர் முன் வைக்கவும் தேவையில்லை. சோடியத்தை நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராமுக்குள் அடக்குமாறு 806 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அறிவுறுத்திப் பார்த்த ஆய்வு 2022-இல் வெளியானது; இறப்பிலோ மருத்துவமனைச் சேர்க்கையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றை நிறுத்தி, சமையலில் உப்பை அளவாகப் போட்டாலே பெரும்பாலோருக்குப் போதும். காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணும் முன், நாள்தோறும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். கால் வீக்கம் தெரியும்வரை பொறுத்திராமல் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.