மேசன், மேடிசன்: குடும்பப் பெயர் குழந்தைப் பெயரான கதை

அமெரிக்காவில் ஆங்கிலக் குடும்பப் பெயர்களைக் குழந்தைக்கு முதற்பெயராக வைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய வழக்கம்தான். கல்யாணமானதும் மனைவி கணவர் குடும்பப் பெயருக்கு மாறிவிடுவார். தாய்வீட்டுப் பெயர் அழியாமலிருக்க அதைப் பிள்ளைக்கு வைப்பார்கள். தென் மாநிலங்களில் இது இன்னும் உண்டு. அப்புறம், தலைவர்கள் மீதுள்ள அபிமானம்: ஜெபர்சன், லிங்கன். நம் ஊரிலும் கென்னடி, எடிசன் இருக்கிறார்களே!

பொருளை அவ்வளவாக யாரும் பார்ப்பதில்லை. மேசன் என்றால் கொத்தனார், கூப்பர் பீப்பாய் செய்பவர். மேடிசன் கதைதான் வேடிக்கை. ‘மாட் என்பவளின் மகன்’ என்று பொருள். 1984-இல் வந்த ‘ஸ்பிளாஷ்’ படத்தில் ஒரு கடற்கன்னி நியூயார்க் தெருப் பலகையைப் பார்த்து அதைத் தன் பெயராக்கிக்கொள்வாள். 2001-இல் அமெரிக்கப் பெண் குழந்தைப் பெயர்களில் அது இரண்டாம் இடம்!