ஆயிரத்துக்கு ஐந்து

அன்புள்ள சார்,

தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவி நூலகராக இருக்கிறேன். நூலகர் பணியிடம் பல வருடங்களாகக் காலி. போன ஜூனிலிருந்து பொறுப்பு நூலகரும் நான்தான். ஒன்றரை லட்சம் புத்தகங்கள். நிரந்தரப் பணியாளர்கள் ஐந்து பேர், ஏஜென்சி வழியாக வந்தவர்கள் ஆறு பேர். காலை 8 மணி முதல் இரவு 8 மணிவரை திறந்திருக்க வேண்டும். யாரிடமும் வேலை வாங்க முடியவில்லை. வயதில் மூத்தவர்கள் நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சிறியவர்கள் எப்போதும் போனில். சோம்பேறிகள் என்று எழுதினால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், ஆனால் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. பயோமெட்ரிக் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

மாணவர்கள் புத்தகம் எடுக்க வருவதில்லை. டிஎன்பிஎஸ்சி கைடோடு வந்து நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். துணைவேந்தரோ எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்குங்கள், பழசையெல்லாம் குடோனுக்கு அனுப்புங்கள் என்கிறார். முன்பு பொறுப்பில் இருந்த ஒருவர் காலத்தில், ஆறு வருடம் கழித்து ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடந்தது. 300 புத்தகங்களுக்கு மேல் காணவில்லை. அதனால் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் அவருக்குப் பணப்பலன் முழுதாக வரவில்லை. அதிலிருந்து அடுக்குகள் இருக்கும் கூடத்தைப் பூட்டிவிட்டோம். சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆள் போய் எடுத்து வருவார். முன்பெல்லாம் வருடத்துக்கு 20,000 புத்தகம் வெளியே போய் வரும். இப்போது 3,000 தாண்டுவதில்லை.

இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அவர் என் இடத்தில் இருந்தால் இந்தப் பணியாளர்களை எப்படிச் சமாளித்திருப்பார்? பெயர் போட வேண்டாம்.

ஒரு பொறுப்பு நூலகர்

அன்புள்ள நூலகருக்கு,

உங்கள் கேள்விக்காக நான் இந்தப் பதிலை எழுதவில்லை. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஓய்வுபெற்றவருக்கு இன்னும் பணம் வரவில்லை என்று, அதற்காக எழுதுகிறேன். ஒரு மாதமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நண்பர் ஒருவர் கல்லூரி நூலகராக இருந்து சமீபத்தில் ஓய்வுபெற்றார். கடைசி வருடம் முழுக்க விடுமுறை நாளெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தார். காணாமல் போனவற்றின் பட்டியல் சட்டைப் பையில் இருக்கும். சொந்தக் காசில் வாங்கி, முத்திரை குத்தி, எண் எழுதி அடுக்கில் வைப்பார். திருடியவன் யாரோ, வாங்கி வைப்பவர் இவர். பார்க்கவே வயிறு எரிந்தது.

சின்ன விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பயோமெட்ரிக் வைத்தால் எல்லோரும் சரியான நேரத்துக்கு வந்து போனைப் பார்ப்பார்கள், சரியான நேரத்துக்குக் கிளம்புவார்கள். அந்தக் காசுக்கு நாலு மேசை வாங்குங்கள். டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள் உட்காரட்டும். வீட்டில் தனியாக ஒரு மேசைக்கு வழியில்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர்களுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். தவிர, கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் தரமதிப்பிடும் நாக் குழு வந்து தினமும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்கும்போது இந்தப் பிள்ளைகளின் தலையை எண்ணித்தானே காட்டப்போகிறீர்கள்?

துணைவேந்தரின் டிஜிட்டல் ஆசைக்கு மத்திய அரசே வழி செய்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதைத் திறந்து படிக்க உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். குடோன் விஷயத்தில் மட்டும் பணிந்துவிடாதீர்கள். 1950-களின் தமிழ் இதழ் ஒன்றைத் தேடி வரும் ஆய்வு மாணவிக்கு அந்தப் பதின்மூன்றாயிரத்தில் எதுவும் கிடைக்காது. அவளுக்கு வேண்டியது குடோனுக்குப் போகக் காத்திருக்கும் பழைய கட்டுக்குள்தான் இருக்கும்.

சரி, ரங்கநாதன். அவர் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வாரத்திலேயே ஓடிப்போயிருப்பார். உண்மையாகவே அதைத்தான் செய்யப் பார்த்தார். மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். வகுப்பறையின் சத்தத்துக்குப் பழகியவருக்கு ஆளே வராத அந்த இடம் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று பேசி அனுப்பி வைத்தார்கள். அங்கே போய் நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தவர் 1925-இல் திரும்பி வந்து, ஏறத்தாழ இருபது வருடம் அதே நாற்காலியில் இருந்தார். வந்து செய்த காரியங்களில் முக்கியமானது, வாசகன் உள்ளே போய்த் தானே புத்தகத்தை எடுத்துப் பார்க்கும்படி அடுக்குகளைத் திறந்துவிட்டது. நீங்கள் நூறு வருடம் பின்னால் போய், அவர் திறந்ததைப் பூட்டி வைத்துக்கொண்டு, அவர் என்ன செய்திருப்பார் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

பணியாளர் விஷயத்தில் அவர் அறிவுரையெல்லாம் எழுதவில்லை. கணக்கு வாத்தியார் இல்லையா, சூத்திரம் போட்டார். நூலகத்தின் ஒரு வாசல் ஒரு மணி நேரம் திறந்திருந்தால் அது ஓர் அலகு. வருடத்துக்கு அப்படி 1,500 மணி நேரத்துக்குக் கொடுக்கல் வாங்கல் பகுதியில் ஒரு ஆள். தேடி வருகிறவருக்கு உதவ, நாளுக்கு 50 வாசகருக்கு ஒரு ஆள். இதெல்லாம் பயிற்சி பெற்றவர்களின் கணக்கு, எடுபிடி வேலைக்கான ஆட்கள் தனி. உங்கள் நூலகம் ஒரு நாளுக்கு 12 மணி நேரம், வருடத்தில் 300 நாள் திறந்திருந்தால் 3,600 மணி. வாசலுக்கு மட்டுமே ஏறத்தாழ இரண்டரை ஆள் வேண்டும். உங்கள் பதினொரு பேரில் நூலக அறிவியல் படித்தவர்கள் எத்தனை பேர்? கடிதத்தில் அது இல்லை. வயது எழுதியிருக்கிறீர்கள், போன் பார்ப்பதை எழுதியிருக்கிறீர்கள், யாருக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதவில்லை. கோபித்துக்கொள்வேன் என்று நீங்களே சொன்னீர்கள், அதனால் கோபித்துக்கொள்கிறேன். மாதக் கடைசியில் சம்பளம் எந்தத் தேதிக்கு வரும் என்று தெரியாமல் வேலை பார்க்கும் ஏஜென்சிப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனது வந்தது?

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3,000 புத்தகம் என்றால் நாளுக்குப் பத்துச் சீட்டு. பத்துச் சீட்டுக்குப் பதினொரு பேர். போனைப் பார்க்காமல் வேறென்ன செய்வார்கள்? உங்கள் சோம்பேறிகளை உண்டாக்கியது அந்தக் கூடத்தின் பூட்டு. பூட்டைப் போட வைத்தது ஓய்வுபெற்ற மனிதருக்கு நேர்ந்த கதி. நாளைக்கு நமக்கும் இதுதானே என்று நினைக்கிற பணியாளர் எதற்காக ஒரு புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுப்பார்? கொடுக்காதவரை அவருடைய பென்ஷன் பத்திரம்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய இதழ்த் தொகுப்பு ஒன்றைத் தேடிப் போனேன். அட்டவணையில் இருக்கிறது. கண்ணாடி பீரோவுக்குள் முதுகு தெரிகிறது. சாவி வைத்திருந்தவர் வெயிலில் வந்த எனக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார், ஊர் விசாரித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். பீரோவை மட்டும் திறக்க மாட்டேன் என்றார். "தம்பி, எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கு. அதுல ஒரு பக்கம் கிழிஞ்சாலும் என் தலையிலதான் விடியும். அடுத்து வர்றவர்கிட்ட வாங்கிக்கோ." துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிப் போனேன், அதற்கும் அசையவில்லை. அந்த இயல் இல்லாமலேயே என் ஆய்வேடு முடிந்தது. அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. தண்ணீர் கொடுத்ததற்காக அதை விட்டுவிட முடியாது. ஆனால் எட்டு மாதத்தை எண்ணிக்கொண்டு ஒரு நல்ல மனிதர் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஒரு முறையை வைத்திருக்கிறோமே, அதன்மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரிது.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். முடிந்தால் அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். ஜி.எஃப்.ஆர். என்று அலுவலகங்களில் சொல்லும் மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. அதில் விதி 215, நூலகப் புத்தகங்களைச் சரிபார்ப்பது பற்றியது. ஒரு வருடத்தில் வெளியே கொடுத்த, உள்ளே எடுத்துப் படித்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து காணாமல் போனால் அது நியாயமான இழப்பு. ஊழியரின் நேர்மையின்மையாலோ அலட்சியத்தாலோ போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும், என்ன விலையானாலும் அரிய புத்தகமும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மற்றபடி ஆயிரத்துக்கு ஐந்து போகும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. புத்தகம் புழங்கினால் கொஞ்சம் தொலையும் என்று டெல்லியில் கோப்பு எழுதுகிறவருக்கே தெரிந்திருக்கிறது.

உங்கள் நூலகத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வருடத்துக்கு 20,000 என்றால் நியாயமான இழப்பு 100. ஆறு வருடத்துக்கு 600. தொலைந்தது 300 சொச்சம். வாசிப்பறையில் எடுத்துப் படித்தவற்றைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. அனுமதித்ததில் பாதிதான் போயிருக்கிறது. அந்த மனிதருக்குச் சால்வை போர்த்தி அனுப்பியிருக்க வேண்டும்.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. 20,000 புத்தகங்கள்வரை உள்ள நூலகம்தான் வருடாவருடம் முழுதாகச் சரிபார்க்க வேண்டும். 50,000 வரை என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழுச் சரிபார்ப்பு. அதற்கு மேல் போனால் மூன்று வருடத்துக்குள் ஒருமுறை, சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும் மாதிரிச் சரிபார்ப்பு போதும். அதில் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்தால்தான் முழுதாகப் பார்க்க வேண்டும். ஒன்றரை லட்சத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, நூலகத்தை வாரக்கணக்கில் மூடிவைத்து எண்ணுகிற கூத்து உங்களுக்குத் தேவையே இல்லை.

இது மத்திய அரசின் விதி, மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்று உங்கள் நிதி அலுவலர் சொல்வார். சரியாகத்தான் சொல்வார். அதனால் இதைப் பின்பற்றி உங்கள் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட் ஒரு தீர்மானம் போட வேண்டும். அதற்கான குறிப்பை எழுத வேண்டியவர் நீங்கள். பணியாளர்களை எப்படிச் சமாளிப்பது என்று என்னிடம் கேட்ட நேரத்தில் அந்தக் குறிப்பின் முதல் பக்கத்தை எழுதியிருக்கலாம்.

காணவில்லை என்று பட்டியலில் வந்த எல்லாமே போய்விட்டதாகவும் நினைக்காதீர்கள். இடம் மாறி வைத்த புத்தகமும் தொலைந்த புத்தகம்தான், அது கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது மட்டும் வித்தியாசம். வரலாற்று அடுக்கில் செருகிய தாவரவியல் புத்தகத்தை எந்தக் கணினியும் கண்டுபிடித்துத் தராது. தினமும் ஒருவர் அடுக்கின் முன்னால் நின்று எண்களை வரிசையாகப் படித்துப் போனால்தான் அகப்படும். பூட்டிய கூடத்தில் அதை யார் செய்கிறார்கள்? ஹார்வர்டில் சிப்லி என்று ஒரு நூலகர் 19-ஆம் நூற்றாண்டில் இருந்தார். எல்லாப் புத்தகமும் அடுக்கில் இருக்கிறது, இரண்டுதான் வெளியே, அதையும் பேராசிரியர் அகாசியிடமிருந்து வாங்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மகிழ்ச்சியாகச் சொன்னாராம். நூலகர்களைக் கிண்டல் செய்ய இதை ஒரு கதையாகச் சொல்வார்கள். நம் ஊரில் அதே மனிதர் இருந்தால் நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரைப்பார்கள்.

கூடத்தைத் திறங்கள். ஒரே நாளில் வேண்டாம், தமிழும் வரலாறும் உள்ள பக்கத்தை மட்டும் முதலில். பதினொரு பேருக்கும் ஆளுக்கு இத்தனை அடுக்கு என்று பிரித்துக் கொடுங்கள், உங்களுக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஒரு மணி நேரம் அவரவர் அடுக்கைச் சீர்செய்வது மட்டும்தான் வேலை. சொன்னால் கேட்கமாட்டார்கள் என்கிற அந்த மூத்தவர்களிடம், தொலைந்தால் உங்கள் தலையில் விடியாது, என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்கள் பார்த்தது அப்படி. தீர்மானத்தின் நகலைக் கையில் கொடுங்கள். ஓய்வுபெற்றவரின் கோப்பையும் அதே தீர்மானத்தோடு சேர்த்து வையுங்கள். அது நகராமல் நீங்கள் என்ன பேசினாலும் அவர்கள் காதில் ஏறாது.

குறிப்புக்கு எண்கள் வேண்டும். வெளியே போன புத்தகங்களின் மூன்று வருடக் கணக்கு உங்கள் மென்பொருளிலேயே இருக்கும். உள்ளே எடுத்துப் படித்தவற்றின் கணக்கு எங்கும் இருக்காது. விதி அதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கூடத்தைத் திறக்கிற நாளிலிருந்து, மேசைமேல் விட்டுப்போன புத்தகங்களை மாலையில் அடுக்குக்குக் கொண்டுபோகும் முன் எண்ணி ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். படித்தவர்களே திருப்பி அடுக்க வேண்டாம், மேசையிலேயே விடுங்கள் என்று ஒரு அட்டையும் எழுதி வையுங்கள். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் குறிப்பை எழுதிப் பதிவாளருக்கு அனுப்புங்கள். அதற்கு முன் வரைவை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.