பின்னால் வந்தவரைப் பார்க்கவில்லை, அதற்குத் தண்டனையா?

கேள்வி: எனக்கு வயது 23. குதிரைக்குப் பின்னால் சல்கி என்ற இரண்டு சக்கர வண்டியைக் கட்டி ஓட்டும் ஹார்னஸ் பந்தயத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்து இது இரண்டாவது வருடம். போன வாரம் ஒரு பந்தயத்தில், முதல் வளைவில், வெளிப்பக்கம் மூன்றாவது ஆளாக மாட்டிக்கொண்டேன். உள்ளே ஒரு இடம் காலியாகத் தெரிந்தது, இறங்கினேன். அந்த இடத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த குதிரை தடுமாறி நாலுகால் பாய்ச்சலுக்குப் போய்விட்டது. அதற்கும் பின்னால் வந்தவர் அதில் மோதி சல்கியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தோள்பட்டையில் அடி. நான் இரண்டாவதாக வந்தேன். அதையும் பிடுங்கி, தடுமாறிய குதிரைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். விசாரணையில் 'கவனக்குறைவாக ஓட்டினார்' என்று 4 வாரத் தடை. குற்றத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சத்தியமாக அவரை நான் பார்க்கவில்லை. தெரியாமல் நடந்ததற்கு எப்படித் தண்டனை கொடுக்கலாம்? போன மாதம் ஒரு சீனியர் இதே மாதிரி செய்ததற்கு 10 நாள்தான் கொடுத்தார்கள். மேல்முறையீடு செய் என்கிறார் என் பயிற்சியாளர். செய்யலாமா?

— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகர்

பதில்:

தம்பி, விசாரணையிலும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'நான் அவரைப் பார்க்கவில்லை.' சொல்லிவிட்டு, அதோடு விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டூவர்டுகள், அதாவது பந்தயத்தை விசாரிக்கும் அதிகாரிகள், அதை அப்படியே எழுதிக்கொண்டிருப்பார்கள். ஏனென்றால் அவர்கள் சாட்டிய குற்றமும் அதேதான்.

பார்த்துவிட்டு, அவர் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று இறங்கியிருந்தால் அதற்கு வேறு பெயர், வேறு தண்டனை. ஆஸ்திரேலிய விதிகளில் கவனக்குறைவான ஓட்டம், பொறுப்பற்ற ஓட்டம், திறமையற்ற ஓட்டம், முறையற்ற ஓட்டம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆபத்து தெரிந்தும் துணிந்து செய்வது பொறுப்பற்ற ஓட்டம். உங்கள் மேல் அதைச் சாட்டவில்லை. நீங்கள் வேண்டுமென்றே செய்ததாக யாரும் சொல்லவில்லை என்பதே அதன் அர்த்தம். கவனக்குறைவு என்று வரும்போது உங்கள் மனதில் என்ன இருந்தது என்று கேட்கமாட்டார்கள். அந்த இடத்தில் நிதானமான ஒரு ஓட்டுநர் என்ன செய்திருப்பார், நீங்கள் என்ன செய்தீர்கள், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

அப்படியென்றால் அந்த நிதானமான ஓட்டுநர் என்ன செய்திருப்பார்? திரும்பிப் பார்த்திருப்பார். ஒரு தடவை அல்ல, இறங்க ஆரம்பிக்கும்போது ஒன்று, பாதி இறங்கியதும் ஒன்று. சாதாரணக் குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி குதிரையின் முதுகில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பின்னால் இருப்பது அவருடைய குதிரையின் பின்பாதி. நாம் உட்கார்ந்திருப்பது வண்டியின் கடைக்கோடியில். நமக்குப் பின்னால் நம்முடையது என்று எதுவும் கிடையாது. ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் இன்னொருவருடைய குதிரையின் மூச்சு கேட்கும். உங்கள் தோள் அந்தக் குதிரையைத் தாண்டிவிட்டால் போதாது. உங்கள் உள்பக்கச் சக்கரம், அது முன்னங்காலை முழுசாக வீசி எட்டிப்போடும் இடத்தையும் தாண்டியிருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் கணக்கில்தான். 'நான் கிளியர்' என்று தோன்றும்போது கிளியராக இருப்பது நீங்கள்தான், உங்கள் சக்கரம் இல்லை.

வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைலை 2 நிமிடத்தில் ஓடுவது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை. அது நொடிக்கு 13 மீட்டருக்கு மேல். நீங்கள் அரை நொடி தாமதமாகத் திரும்பிப் பார்த்தால் அதற்குள் 6, 7 மீட்டர் போய்விட்டீர்கள். பின்னால் வருபவருக்கும் அதே வேகம். அவர் வாரை இழுத்துக் குதிரையை அடக்க வேண்டும், ஆனால் இந்தக் குதிரைகளை சட்டென்று அடக்க முடியாது. பேஸர் என்றால் ஒரே பக்கத்து முன்கால் பின்கால் இரண்டையும் சேர்த்துப் போடும், டிராட்டர் என்றால் குறுக்குமறுக்காகப் போடும். அந்த நடை தப்பிவிட்டால் நீங்கள் எழுதிய அதே நாலுகால் பாய்ச்சல்தான். அப்புறம் ஓட்டுநர் அதைத் தட்டி இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குள் வேகம் விழுந்துவிடும், பின்னால் வருபவருக்கு முன்னே திடீரென்று ஒரு சுவர். பேஸர்கள் பெரும்பாலும் ஹாபிள்ஸ் மாட்டித்தான் ஓடுகின்றன. முன்காலையும் பின்காலையும் சேர்க்கும் அந்த வார் நடையைக் காப்பாற்றிக் கொடுக்கும். ஆனால் தடுமாறும்போது கால் பரப்பிச் சமாளிக்க இடம் கொடுக்காது. தடுமாறிய குதிரைக்குப் பின்னால் வந்தவர் விழுந்தது இப்படித்தான் நடந்திருக்கும், அவர் மேல் ஒரு தப்பும் இல்லாமல்.

முதல் வளைவில் நடந்தது என்கிறீர்கள். அதில் ஆச்சரியமே இல்லை. காரின் பின்னால் இறக்கை விரித்த நகரும் ஸ்டார்டிங் கேட்டை 1946-ல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் ஸ்டீபன் ஃபிலிப்ஸ் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் எல்லாக் குதிரையையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து கிளப்புவதற்குள் பெரும்பாடு. கேட் வந்ததும் அந்தத் தலைவலி தீர்ந்தது, ஆனால் எல்லோரும் முழு வேகத்தில் ஒரே வரிசையாக வளைவுக்குள் நுழைகிறார்கள். வெளியே மாட்டிக்கொண்டால் வளைவு முழுக்கக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதனால் எல்லோருக்கும் உள்ளே இறங்கும் அவசரம். உங்களுக்கு இருந்த அவசரம் எனக்குப் புரிகிறது. அவசரம் இருக்கும் இடம் அது என்பதால்தான் அங்கே இரண்டு மடங்கு பார்க்கச் சொல்கிறார்கள்.

விசாரணை அறையில் படம் போட்டிருப்பார்களே, நேர் எதிரே இருந்து எடுத்த படத்தை நன்றாகப் பார்த்தீர்களா? பக்கவாட்டுப் படம் ஓட்டுநருக்கு எப்போதும் நல்லதாகவே தெரியும், இடைவெளி தாராளமாக இருக்கிற மாதிரி காட்டும். எதிர்ப்படம் பொய் சொல்லாது. நான் சில வருடம் சல்கி ஓட்டிவிட்டு, பிறகு விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தவன். நாங்கள் முதலில் பார்ப்பது சக்கரத்தைக்கூட அல்ல, ஹெல்மெட்டைத்தான். அது திரும்புகிறதா? எப்போது திரும்புகிறது? ஒரு பையன் சத்தியம் பண்ணினான், மூன்று தடவை பார்த்தேன் என்று. படத்தை மெதுவாக ஓட்டினால் ஹெல்மெட் ஆணி அடித்த மாதிரி முன்னாலேயே இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை, பார்த்ததாகவே நம்பினான். படம் முடிந்ததும் இன்னொரு தடவை போடுங்கள் என்று அவனே கேட்டான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கடைசி நேராட்டத்துக்கு முன்னால், யாருமில்லை என்று நினைத்து வெளியே எடுத்தேன். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். என் சல்கி டயர் வெடித்த சத்தம் அது, இன்னொரு குதிரையின் முன்னங்கால் பட்டிருக்கிறது. யாரும் விழவில்லை. கண்டித்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் அந்தக் குதிரை விழுந்திருக்கும், நான் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். நான் செய்தது இரண்டிலும் ஒன்றேதான்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான். தண்டனை எதற்கு, நீங்கள் இறங்கியதற்கா, அவர் விழுந்ததற்கா? பல இடங்களில் விளைவையும் எடையில் சேர்க்கிறார்கள், குதிரை விழுந்தால் தடையும் நீளும். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. யாராவது விழுந்தால்தான் பெரிய தண்டனை என்று ஆகிவிட்டால், விழாதவரை பரவாயில்லை என்றுதான் ஓட்டுநர்கள் கற்றுக்கொள்வார்கள். குதிரை சமாளித்துக்கொண்ட அன்றைக்கும் கண்டிப்பாக இருந்தால்தான் விழும் நாள் குறையும். அதற்காக விளைவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவும் முடியாது, அடிபட்டவர் ஒருவர் இருக்கிறாரே. உங்கள் 4 வாரத்தில் எத்தனை நாள் ஓட்டத்துக்கு, எத்தனை நாள் விழுந்ததற்கு என்று தீர்ப்பில் பிரித்துச் சொல்லியிருக்கிறார்களா, பாருங்கள். சொல்லவில்லை என்றால் அது கேட்க வேண்டிய கேள்வி.

சீனியருக்கு 10 நாள், உங்களுக்கு 4 வாரம் என்பது. நாட்களை எண்ணாதீர்கள், ஓட்டத்தை எண்ணுங்கள். அந்த சீனியர் வாரத்தில் நான்கைந்து பந்தயக் கூட்டம் போகிறவரா? ஒரு கூட்டத்தில் ஐந்தாறு குதிரை ஓட்டுகிறவரா? அப்படியானால் 10 நாளில் அவருக்குப் போனது 30, 40 ஓட்டம் இருக்கும். இரண்டாம் வருட ஓட்டுநரான உங்களுக்கு 4 வாரத்தில் எத்தனை ஓட்டம் கிடைக்கும்? நியூசிலாந்தில் இதற்காகவே தண்டனையை இத்தனை ஓட்டம் என்று முதலில் கணக்கிட்டு, அந்த ஆள் வழக்கமாக எவ்வளவு ஓட்டுகிறார் என்று பார்த்து நாட்களாக மாற்றுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதுதான் ஒழுங்கான வழி. அபராதம் மட்டும் போட்டு விடுவது எனக்குப் பிடிக்காது. பெரிய பந்தயத்தில் ஜெயித்தால் வரும் பங்கில் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம், அது தண்டனை இல்லை, கட்டணம். அப்புறம் இன்னொன்று: அந்த சீனியர் குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, அதற்கு முன் எத்தனை ஆயிரம் ஓட்டத்தில் எத்தனை தடவை மாட்டினார் என்பதும் எடைக்கு வரும். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அதற்கான சலுகை உங்களுக்குப் போய்விட்டது. மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காகக் கூட்டிக் கொடுக்க முடியாது. குறைத்துக் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டாமிடம் போனதைத் தண்டனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது உங்களை அடிக்க இல்லை. தடுக்கப்பட்ட குதிரையின் உரிமையாளருக்கும் பந்தயம் கட்டியவர்களுக்கும் செய்யும் நியாயம். ஓட்டுநர் மேல் குற்றமே சாட்டாமல் குதிரையின் இடத்தை மட்டும் மாற்றுவதும் உண்டு.

சரி, மேல்முறையீடு. எந்த நாடு என்று எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2019-லிருந்து விக்டோரியன் ரேஸிங் டிரிப்யூனல் என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் குதிரைப் பந்தய மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. எங்கே என்றாலும் கால அவகாசம் ரொம்பக் குறைவு, நாள் கணக்கில்தான். இன்றைக்கே தடைக் கடிதத்தை எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள். சில இடங்களில் முன்பணம் கட்ட வேண்டும், காரணமில்லாத மேல்முறையீடு என்றால் அது போய்விடும். மேல்முறையீடு முடியும்வரை தடையை நிறுத்திவைக்கக் கேட்கலாம், ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடாது. கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 1938-ல் ப்ரிகின்ஷா என்ற வழக்கில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் சொன்ன அளவுகோலைத்தான் பந்தயத் தீர்ப்பாயங்களும் பிடித்துக்கொள்கின்றன. குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையோ அதற்கேற்ற ஆதாரம் வேண்டும், ஆனால் கிரிமினல் வழக்கின் அளவுக்கு வேண்டாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குற்றமே இல்லை என்று போவது வீண். போனால் தண்டனையின் அளவை மட்டும் எதிர்த்துப் போங்கள். அதற்குக் கையில் இரண்டு விஷயம் வேண்டும்: 4 வாரத்தில் உங்களுக்குப் போகும் ஓட்டங்களின் எண்ணிக்கை, அப்புறம் இதே அளவு தவறுக்கு அங்கே சமீபத்தில் கொடுத்த தண்டனைகள். அந்த சீனியர் ஒருவரை மட்டும் சொன்னால் போதாது, நாலைந்து வேண்டும். அது தேறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 'சின்னப் பையனை அமுக்குகிறார்கள்' என்று பயிற்சியாளர் சொல்வது உங்கள் மேல் உள்ள பாசம். தீர்ப்பாயத்தில் பாசம் வாதம் ஆகாது. முடிவெடுப்பதற்கு முன் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து எதிர்ப்படத்தைப் போடச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு தாளில் ஹெல்மெட் எத்தனை தடவை திரும்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போனால் பேச்சுக்கு வேலையில்லை.

தடை என்பது பந்தயத்தில் ஓட்ட மட்டும்தான் பெரும்பாலும். தொழுவத்தில் வேலை செய்யலாம், காலைப் பயிற்சியில் ஓட்டலாம். அதற்கும் தடையா என்று கடிதத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அந்த 4 வாரமும் பயிற்சியில் இன்னொருவரைப் பின்னால் வரச்சொல்லி, உங்கள் சக்கரத்துக்கும் அந்தக் குதிரையின் காலுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணுக்குப் பழக்குங்கள்.

கடிதத்தில் அவரைப் பற்றி 'தோள்பட்டையில் அடி' என்று ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். போய்ப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். வழக்கு நடக்கும்போது போகலாமா என்று யோசிக்க வேண்டாம், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எந்த விதியும் தடுக்காது. பேச்சு தானாக அந்த வளைவுக்கு வரும். உள்ளே இறங்கும்போது பின்னாலிருந்து கத்துவது ஓட்டுநர்களின் வழக்கம். அவரும் கத்தியிருப்பார், அவருக்கு முன்னால் வந்தவரும் கத்தியிருப்பார். காதில் விழுந்ததா என்று கேட்டால், என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள்.