ஏற்காட்டில் திணறும் நைட்ரோ ட்ரக்கை பிரஷ்லெஸ்ஸுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: சித்தப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த 1/8 அளவு ரிமோட் கண்ட்ரோல் நைட்ரோ மான்ஸ்டர் ட்ரக் என்னிடம் இருக்கிறது. சேலத்தில் நன்றாக ஓடுகிறது. ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கான மெத்தனால் கலந்த எரிபொருள் வாங்குவதும் பெரும்பாடாக இருக்கிறது. இன்ஜினைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் (உரசும் கார்பன் பிரஷ் இல்லாத) மின் மோட்டார் பொருத்த ஆசை. என்ன மோட்டார், எத்தனை செல் பேட்டரி வாங்க வேண்டும்? வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பதால் பற்றவைக்கும் வேலை தெரியும்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உங்கள் இன்ஜினில் கோளாறு இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் திருகு அதே இடத்தில் இருப்பதால் காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் உள்ளே போகிறது. புகை வருவதும் அணைவதும் அதனால்தான். மேலே போய் ஊசியை இறுக்கினால் ஓடும். ஆனால் கீழே வந்ததும் மறக்காமல் தளர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மின் மோட்டாருக்கு இந்தத் தொல்லையே இல்லை. மலையில் ஓட்டுபவர் மாற்றுவது நியாயம்தான்.

ஆனால் மோட்டாருக்கு இப்போதே ஆர்டர் போடாதீர்கள். பலரும் பெரிய மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு, அதை எங்கே உட்கார வைப்பது என்று அப்புறம் யோசிக்கிறார்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் மோட்டாரைத் தாங்கும் பிளேட்டிலும் பல்சக்கரத்திலும்தான் இருக்கிறது.

இன்ஜினைக் கழற்றி, அது சுழற்றிய பெரிய ஸ்பர் கியரின் பற்களை எண்ணுங்கள். வெர்னியரில் வெளிவிட்டத்தை அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதால் வகுத்தால் பல்லின் அளவைச் சொல்லும் மாட்யூல் கிடைக்கும். 46 பல்லுக்கு 48 மி.மீ. வந்தால் மாட்யூல் 1. அதே 46 பல்லுக்கு 38 மி.மீ. வந்தால் அது 32 பிட்ச், அதாவது அங்குலக் கணக்கில் வெட்டிய பல். மோட்டாரில் பொருத்தும் பினியன் என்ற சிறு பல்சக்கரம் இதே வகையாக இருக்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒட்டிப்போவதுபோலத்தான் தெரியும், ஓட்டினால் சில நிமிடத்தில் பல் பொடியாகிவிடும்.

இப்போது மோட்டார் கணக்கு. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு சுமையில்லாமல் எத்தனை சுற்று சுற்றும் என்பது. இந்த அளவு நைட்ரோ இன்ஜின் ஏறக்குறைய 30,000 சுற்றில் உச்சம் தொடும், வண்டியின் கியர்களும் அதற்கேற்பவே செய்யப்பட்டவை. மோட்டாரும் அதே சுற்றில் ஓடினால் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 14.8 வோல்ட், 2,000 கேவி மோட்டார்: பெருக்கினால் 29,600. உங்களுக்குத் தேவை இதுதான். 36 அல்லது 40 மி.மீ. குறுக்களவும் 74 மி.மீ. நீளமும் கொண்ட நான்கு துருவ மோட்டார், அதன் அச்சு 5 மி.மீ. இருக்கட்டும். கூடவே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 150 ஆம்பியர் இ.எஸ்.சி. ஆறு செல் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். இதே மோட்டாரில் ஆறு செல் போட்டால் 44,000 சுற்றைத் தாண்டும், முதலில் டிஃபரன்ஷியல் போகும், அப்புறம் டயர் பலூன்போல உப்பிக் கிழியும். வேண்டாம்.

இன்ஜின் கிளட்ச் வழியாக மெல்லப் பிடித்து இழுக்கும், மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் கொடுக்கும். அதனால் இன்ஜின் பக்கம் ஸ்பர் கியரைச் சுழற்றிய கிளட்ச் பெல்லில் இருந்த பற்களைவிட ஒன்றோ இரண்டோ குறைந்த பினியனில் தொடங்குங்கள். இ.எஸ்.சி.யில் புறப்படும்போது எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பஞ்ச் என்ற அமைப்பைக் குறைத்து வையுங்கள். மலையில் கல் மேட்டில் மெதுவாக ஏற்றுவதுதான் உங்கள் ஆசை என்றால் அச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று இ.எஸ்.சி.க்குச் சொல்லும் சென்சார் உள்ள மோட்டாரே நல்லது, ஆரம்ப வேகத்தில் வெட்டிவெட்டி இழுக்காது.

பிளேட்டுக்கு வருவோம். 6 மி.மீ. அலுமினியத்தில் எல் வடிவில் செய்யச் சொல்லுங்கள், லேத் பட்டறைக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. இன்ஜின் உட்கார்ந்திருந்த துளைகளிலேயே அது பொருந்த வேண்டும், சேஸியில் புதிய துளை போட வேண்டாம். மோட்டார் திருகுகளுக்கு வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை வெட்டினால்தான் மோட்டாரை முன்பின் நகர்த்தி பற்களைச் சேர்க்க முடியும். பற்களுக்கு நடுவே ஒரு நோட்டுத்தாள் துண்டை விட்டு, மோட்டாரை நெருக்கித் திருகை இறுக்குங்கள். தாளை உருவியபின் கியர் லேசாக ஆடினால் சரி. பினியனின் சிறு திருகுக்கு நீல நிற திரெட் லாக்கர் அவசியம். என் முதல் வண்டியில் அதைப் போடாமல் ஏற்காடு வரை போய், பினியன் நழுவி ஸ்பர் கியரையே தின்றுவிட்டது. அன்று முழுக்க வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு சுற்றினேன்.

பெட்ரோல் டேங்க் என்று நாம் சொல்லும் அந்த எரிபொருள் டேங்க் இருந்த இடம் பேட்டரிக்கு. த்ராட்டிலைத் திறந்து மூடிய சிறு சர்வோ மோட்டாரும் டிஸ்க் பிரேக்கும் தேவையில்லை, இ.எஸ்.சி.யே பிரேக்கும் ரிவர்ஸும் பார்த்துக்கொள்ளும். ரிவர்ஸ் கியரோ இரண்டு வேகக் கியரோ இருந்தால் ஒரே கியரில் பூட்டிவிடுங்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு இருந்த தனி பேட்டரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், இ.எஸ்.சி.யிலிருந்தே அதற்கு மின்சாரம் வரும். இரண்டையும் சேர்த்து இணைத்தால் ரிசீவர் கருகலாம். சேஸியில் ஃப்ளைவீலுக்கு வெட்டிய ஓட்டை இருந்தால் மெல்லிய தகடு வைத்து மூடுங்கள், நம் ஊர்ச் செம்மண் புழுதி அதன் வழியாகத்தான் ஏறும்.

பற்றவைப்பு உங்களுக்குக் கைவந்த கலை, ஆனால் பட்டறை முறை இங்கே ஆகாது. வெள்ளிப் பற்று 600 டிகிரிக்கு மேல் உருகுவது, மின் ஈயம் 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். கேஸ் டார்ச்சைக் காட்டினால் இணைப்பானின் பிளாஸ்டிக் வழிந்துவிடும். வெங்காரமும் வேண்டாம், ரோசின் போதும். தடித்த ஒயர் சூட்டை வேகமாக உறிஞ்சும் என்பதால் 80 வாட் அயர்ன், அகன்ற முனை. சீக்கிரம் சூடாக்கி, சீக்கிரம் கையை எடுப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம், அந்தக் கைப்பழக்கம் உங்களிடம் உண்டு.

பேட்டரி 5,000 எம்ஏஎச் போதும். சராசரியாக 20 ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரம் ஓடும். 5 ஆம்பியருக்கு மேல் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள், செல்களைச் சமமாக நிரப்ப உதவும் பேலன்ஸ் ஒயரை இணைக்காமல் செய்யவே செய்யாதீர்கள், ஆள் இல்லாத இடத்திலும் கூடாது. செல்லுக்கு 3.4 வோல்ட்டில் இ.எஸ்.சி. நிறுத்தும்படி அமைத்து, ஓட்டாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லிப்போவை விட்டுவிட்டுப் போகவே கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.

முதல் ஓட்டத்தில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்துச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். சென்சார் இல்லாத மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். சென்சார் உள்ளதில் ஒயரைத் தொடாமல், இ.எஸ்.சி. அமைப்பில்தான் திசையை மாற்ற வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடம் தரையில் ஓட்டி மோட்டாரின் சூட்டை அளந்து பாருங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் பினியனில் இன்னொரு பல்லைக் குறையுங்கள்.

கழற்றிய இன்ஜினை அப்படியே மூலையில் போட்டுவிடாதீர்கள். மிச்சமிருக்கும் மெத்தனால் ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எரிபொருளை முழுதாக வடித்து, உள்ளே சில சொட்டு எண்ணெய் விட்டு, கையால் நாலு சுற்று சுற்றி, காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். சேஸியில் புதிய துளை போடாததால், எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பொருத்தலாம்.