டிராக் வண்டி திரும்பும்போது எஞ்சின் ஏன் திணறுகிறது?

கேள்வி: தென்னந்தோப்பில் உரமூட்டையும் தேங்காயும் சுமக்க, ரப்பர் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) போட்ட சின்ன வண்டி ஒன்று செய்திருக்கிறோம். சுமையோடு 500 கிலோ. பவர் டில்லர் மாதிரி இரண்டு பக்கமும் தனித்தனி கிளட்ச், கூடவே பிரேக். நேராக நன்றாகப் போகிறது. திருப்பினால் எஞ்சின் திணறி நிற்கிறது. பிரேக் டிரம் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. 50 டன் டாங்கியெல்லாம் எப்படித் திரும்புகிறது?

பதில்: உங்கள் வண்டியில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. டிராக் வண்டிக்குத் திருப்பம்தான் பெரிய செலவு, நேர் ஓட்டம் அல்ல.

தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். மண்ணில் படியும் டிராக்கின் நீளம், இரண்டு டிராக்குக்கும் இடையே உள்ள அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தரையில் நேராகப் போகப் பக்கத்துக்கு 12 கிலோ இழுவை போதும். திரும்பும்போது டிராக் பக்கவாட்டில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நகர வேண்டும். அதற்கு வெளிப்பக்க டிராக் 125 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். உள்பக்க டிராக்கை மண்ணே முன்னால் தள்ளும். அதை 100 கிலோ அளவுக்குப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த 100 கிலோவைத்தான் உங்கள் பிரேக் டிரம் சூடாக்கி வீணடிக்கிறது. வெளிப்பக்க வேகம் மாறாமல் இருக்க, எஞ்சின் நேர் ஓட்டத்தைப்போல் 5 மடங்கு சக்தி தர வேண்டும்.

உள்பக்கம் தடுக்கப்படும் சக்தியை வெளிப்பக்கத்துக்கே திருப்பிக் கொடுத்தால்? லேசான வளைவில், உள்பக்கம் வெளிப்பக்கத்தின் 80 சதவீத வேகத்தில் ஓடினால், அந்த 5 மடங்கு 2 மடங்குக்குள் வந்துவிடும். டாங்கி கியர்பாக்ஸின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கதிதான்.

1916-இல் வந்த பிரிட்டனின் மார்க் 1 டாங்கிக்கு 28 டன் எடை, 105 குதிரைத்திறன் எஞ்சின். ஓட்ட மட்டும் நான்கு பேர். நன்றாகத் திருப்ப வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, ஒரு பக்க கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அந்த டிராக்கை பிரேக்கில் பிடித்து, மறுபக்கத்தை மட்டும் ஓட்ட வேண்டும். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாம் சைகைதான். வால்டர் வில்சன் வடிவமைத்த கோள் கியர்களோடு (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு) 1918-இல் மார்க் 5 வந்த பிறகுதான் ஒரே ஆள் ஓட்ட முடிந்தது. ஆனாலும் சக்தி வீணாவது நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற ரஷ்யாவின் டி-34 கூட உங்கள் வண்டியைப்போல் கிளட்ச்-பிரேக் முறையில்தான் திரும்பியது. எளிது, மலிவு, பட்டறையிலேயே சரிசெய்யலாம். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்ததைக் கேவலம் என்று சொல்ல மாட்டேன்.

உண்மையான திருப்புமுனை, இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனின் சர்ச்சில் டாங்கியில் வந்த மெரிட்-பிரவுன் கியர்பாக்ஸ். ஹென்றி மெரிட்டின் யோசனை இது: இரண்டு டிராக்கையும் எஞ்சினிலிருந்து கழற்றவே கூடாது. கியர்பாக்ஸ் வழியாக ஒரு பாதை, எஞ்சினிலிருந்து நேராக ஒரு பாதை. இரண்டாவது பாதை ஒரு டிராக்குக்குக் கொஞ்சம் வேகத்தைக் கூட்டி, மற்றதில் அதே அளவைக் குறைக்கும். உள்பக்க டிராக் தள்ளும் சக்தி பல்சக்கரங்கள் வழியாக வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். கியர் குறையக் குறைய வளைவு இறுகும். நியூட்ரலில் ஒரு டிராக் முன்னும் மற்றது பின்னும் ஓடி, வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். 

பின்னாளில் வில்சனின் கோள் கியரும் மெரிட்டின் திருப்பு முறையும் சேர்ந்து டிஎன்12 என்ற கியர்பாக்ஸ் ஆனது. சென்னை ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியில் இருந்தது அதுதான். அதே ஆவடியில் தயாரான, ரஷ்ய வடிவமைப்பான டி-72 டாங்கியின் வழி வேறு. பக்கத்துக்கு ஒரு கியர்பாக்ஸ், ஒவ்வொன்றிலும் 7 முன்கியர். திரும்ப வேண்டிய பக்கத்தை ஒரு கியர் இறக்கினால் போதும். அடக்கமான, கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் ரிவர்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் மணிக்கு 4 கி.மீ. சுமார். எதிரியைப் பார்த்தபடி பின்வாங்க வேண்டியவனுக்கு அது போதாது. அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் டாங்கியில் திருப்பும் வேலையை ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) பம்பும் மோட்டாரும் பார்க்கின்றன. அதனால் வளைவைப் படிப்படியாக அல்லாமல் விருப்பப்படி கூட்டிக் குறைக்கலாம்.

சரி, உங்களுக்கு என்ன வழி? மெரிட் பெட்டியை நீங்கள் செய்யப் போவதில்லை. முதலில் டிராக்கின் நீள-அகல விகிதத்தைப் பாருங்கள். ஒன்றரையை 1.2 ஆக்கினால் 125 கிலோ 100 பக்கம் இறங்கும். வேறு எதைச் செய்வதற்கும் முன் இதைச் செய்யுங்கள். பழைய கார் டிஃபரன்ஷியலை (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் பெட்டி) வாங்கி இரண்டு பக்கமும் பிரேக் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சம முறுக்கையே (சுழற்றும் விசையையே) தரும். வெளிப்பக்கத்துக்கு 125 வேண்டுமானால் பிரேக் பிடித்த பக்கமும் 125 வாங்கும். லேசான வளைவில் இப்போதைவிட மோசமாகும்.

பேட்டரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் பக்கத்துக்கு ஒரு மோட்டார், இரண்டுக்கும் ஒரே பேட்டரி, பிரேக் சக்தியைத் திருப்பி அனுப்பும் கன்ட்ரோலர். உள்பக்க மோட்டார் தரும் மின்சாரத்தை வெளிப்பக்க மோட்டார் எடுத்துக்கொள்ளும். மோட்டாரை 12 கிலோவுக்குக் கணக்குப் போட்டு வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் அந்த 125-ஐத் தாங்க வேண்டும்.

அதுவரை திருப்பத்துக்கு முன்பே கியரை இறக்குங்கள், வளைவை அகலமாக எடுங்கள். அப்புறம், சரிவில் இறங்கும்போது கவனம். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கையில் இடது கிளட்சை மட்டும் விடுவித்தால் இடது டிராக் கட்டவிழ்ந்து வேகமாக உருளும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். பவர் டில்லர் ஓட்டியவர்களுக்கு இது பழக்கம், புதிதாக ஏறுபவருக்குத் தெரியாது. சரிவில் கிளட்சோடு அதே பக்க பிரேக்கையும் சேர்த்தே பிடிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டையும் ஒரே லீவரில் இணைத்துவிடுங்கள்.