பதுங்கலும் பாய்ச்சலும்

கேள்வி: முறைவைத்து ஆடும் உத்தி வகை வீடியோ கேம் ஒன்றைச் சிறு குழுவாக உருவாக்கி வருகிறோம். ஆடிச் சோதிப்பவர்கள் எல்லோரும் மறைந்திருந்தே எதிரிகளை ஒவ்வொருவராகத் தீர்த்துவிடுகிறார்கள். யார் கண்ணிலாவது பட்டுவிட்டால், சண்டையிடாமல் பழைய சேவ் கோப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். எதிரிகளின் பார்வைத் தூரத்தைக் கூட்டியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பார்வைத் தூரத்தைக் கூட்டினால் ஆட்டக்காரர் இன்னும் பின்தள்ளி நின்று இன்னும் நெடுநேரம் காத்திருப்பார், அவ்வளவுதான். காத்திருப்பதற்கு உங்கள் ஆட்டத்தில் விலையே இல்லை என்பதுதான் கோளாறு. நிகழ்நேர ஆட்டத்தில் பதுங்கியிருப்பவருக்குப் பொறுமையாவது செலவாகும். இங்கே முறையை முடிக்கும் பொத்தானை 20 தடவை தட்டினால், காவலர் தானாகவே கத்திக்கு அருகில் வந்து நின்றுவிடுவார்.

இந்த விலையை மிகத் துல்லியமாக நிர்ணயித்தது 2015இல் வெளிவந்த 'இன்விசிபிள், இங்க்.' என்ற உளவாளி ஆட்டம்தான் என்பது என் கருத்து. அதில் ஒவ்வொரு முறை முடியும்போதும் எச்சரிக்கை மானி ஏறுகிறது. காவலரைக் கொன்றால் மேலும் ஏறுகிறது. கொல்லாமல் மயங்க வைத்தாலோ, சில முறைகளில் அவர் எழுந்துவிடுவார். எழாமல் தடுக்க உளவாளி ஒருவர் அவரை அழுத்திப் பிடித்தபடி அங்கேயே இருக்க வேண்டும், அதுவரை அந்த உளவாளியால் வேறு வேலைக்குப் போக முடியாது.

சண்டைக்கும் இடம் வேண்டும் என்றால் 'எக்ஸ்காம் 2' (2016) ஆட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். பல பணிகளில் அணி மறைவில் தொடங்குகிறது. மூன்று வீரர்களை ஓவர்வாட்ச்சில், அதாவது எதிரி நகர்ந்ததும் தானாகவே சுடத் தயாராக இருக்கும் நிலையில், நிறுத்திவிட்டு நான்காமவர் சுட்டதும், எதிரிகள் மறைப்பிடம் தேடிச் சிதறி ஓடுவார்கள். அந்த ஓட்டத்தின் நடுவிலேயே மூவரும் சுடுவார்கள். அதோடு அணியின் மறைவு கலைந்துவிடும். ஒருமுறை மட்டும் செலவழிக்கக்கூடிய அந்தக் கைமுதலைக் கொடுத்து, நமக்கு வசதியான இடத்தில் தொடங்கும் சண்டையை வாங்குகிறோம். இத்தனை முறைக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு பலருக்கு எரிச்சலூட்டியது உண்மைதான். ஆனால் அந்தக் கெடு இல்லாவிட்டால் கைமுதலைச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது.

சேவ் கோப்பைத் தடைசெய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு காவலர் பார்த்த மாத்திரத்தில் வரைபடம் முழுவதும் உள்ள எதிரிகள் திரண்டு வருவார்கள் என்றால், நானும் திரும்பத்தான் செய்வேன். கண்டுபிடிக்கப்படுவதைப் படிகளாகப் பிரியுங்கள்: சந்தேகப்பட்ட காவலர் தன் முறையில் அந்த இடத்தை நோக்கி நடக்கட்டும், அதற்கடுத்த முறையில்தான் ரேடியோவை எடுக்கட்டும். இடையே கிடைக்கும் ஒரு முறையில் அவரை வீழ்த்தலாம், இடம் மாறலாம், அல்லது துணிந்து சண்டையைத் தொடங்கிவிடலாம்.

கேள்வி: மறைவிலிருந்து சுடும் முதல் குண்டும் குறிதவறலாமா?

பதில்: வேண்டாம். 10 முறை செலவழித்து அமைத்த பொறியை ஒரு பகடை உருட்டல் கெடுத்தால், ஆட்டக்காரர் உங்களைத்தான் திட்டுவார். குண்டு பட்டே தீரட்டும். எதிரி அதிலேயே சாவாரா, காயத்தோடு மற்றவர்களைக் கூப்பிடுவாரா என்பதை மட்டும் கவசமும் ஆயுதமும் தீர்மானிக்கட்டும். சத்தமில்லாத ஆயுதங்களுக்குத் தாக்கும் வலிமையைக் குறைத்து வைத்தால், எந்தக் காவலரைத் தொடலாம், யாரை விட்டுவிட வேண்டும் என்று ஆட்டக்காரர் கணக்குப் போடத் தொடங்குவார்.